எருமையின் படம்

ஓவியர் குரங்கார் கூப்பிட்டு அனுப்பியதும் எருமைக்குப் பெருமை தாங்கவில்லை. 'காட்டின் தாய்மார்கள்' என்று புதிதாக வரைகிறாராம். முதல் படமே அவளுடையதாம்.

பாழடைந்த மண்டபம்தான் அவருடைய ஓவியக்கூடம். வாழைப்பழம் தின்று, கண்மூடித் தியானம் செய்த பிறகுதான் குரங்கார் வாலைச் சாயத்தில் தோய்ப்பார். "கன்று உள்ளே வரக்கூடாது. காதை அசைக்காதே" என்று ஓயாமல் அதட்டினார். ஈக்கள் பிடுங்கியெடுக்க, வெளியே கன்று பசியில் கத்த, எருமை பகல் முழுக்கக் கல்லாய் நின்றாள்.

கடைசியில் குரங்கார் படத்தைத் திருப்பிக் காட்டினார். வெளுத்த தோலும் ஒடிந்து விழும் இடையுமாய் ஒரு மான் நின்றது.

உள்ளே ஓடிவந்த கன்று கேட்டது: "யாரும்மா இந்த அத்தை?"

எருமைக்கு நெஞ்சு கொதித்தது. "இவ்வளவு நேரம் யாரைய்யா பார்த்துக்கொண்டிருந்தீர்? என் கொம்பு எங்கே? என் கறுப்பு எங்கே?"

"என் குருமார்கள் எல்லோரும் மானைத்தான் வரைந்தார்கள். அழகென்றால் அதுதான். உனக்கெல்லாம் ஓவியம் புரியாது" என்றார் குரங்கார்.

எருமை நேரே குட்டைக்குப் போய்ச் சேற்றில் புரண்டுவிட்டு வந்தாள். "ஐயோ, என் படம்!" என்று குரங்கார் அலற அலற, விலாவைப் படத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மான் மறைந்துபோய், அகலமாய்க் கருகருவென்று ஓர் உடம்பு பதிந்தது.

கன்று கிட்டே போய் முகர்ந்து பார்த்தது. பிறகு அந்தச் சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா" என்றது.