உள்தாழ்ப்பாள்

மாடிப்படியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்க, பூட்டுக்காரர் அந்த வீட்டுக் கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். "சண்டைன்னா கதவு என்ன பண்ணும்? வெளிய வந்து இவ அறைஞ்சு சாத்துன சாத்துல பூட்டு போச்சு," என்கிறார் கணவர். "நான் மெதுவாத்தாங்க சாத்துனேன். கோவத்துல சாவியைப் போட்டு முறுக்குனது இவரு," என்கிறாள் மனைவி. கதவு ஒன்று, கதை இரண்டு. மகள் டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். எந்தக் கதை நிஜம் என்று பார்க்கப் பூட்டுக்காரருக்கும் ஆசை. சாவியை நுழைத்துத் திருப்புகிறார். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி அது திரும்புகிறது, கதவுதான் அசையவில்லை. மேல்பக்கம் கைவைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டுக் காதைக் கதவோடு ஒட்டவைக்கிறார். உள்ளே மின்விசிறி ஓடுகிறது. "பூட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு," என்கிறார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் நிதானமாக வருகிறது. "பூட்டுக்கார அண்ணே, அவங்களைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க. சண்டை முடிஞ்சுதா?"