கைகுலுக்கி இழுத்த கேபிள்

“அப்போ பத்து வருஷமா நான் ஓசியில ஓட்டினேன்னு சொல்றாங்களா உங்க மேலிடத்துல?”

“நான் சொல்லலைண்ணே. முன்னாடி நீங்க எங்களுக்கு அனுப்பின டேட்டாவும் நாங்க உங்களுக்கு அனுப்பினதும் சமமா இருந்துச்சு, யாரும் காசு கேக்கலை. இப்போ ஒண்ணு குடுத்துப் பத்து வாங்குறீங்க. மாசாமாசம் கட்டணுமாம், இல்லேன்னா கழட்டச் சொல்லிட்டாங்க.”

அவள் பெரிய இணைய நிறுவனத்தின் பொறியாளர். எதிரே நிற்பவர் ஒரு சின்ன இணைய நிறுவனத்தின் சொந்தக்காரர். குளிர்ந்த அறை முழுக்க விசிறிகளின் இரைச்சல். இருவரின் இயந்திர அலமாரிகளுக்கும் நடுவே இரண்டு நிறுவனங்களின் இணையத்தையும் நேராக இணைத்தபடி, ஷூ நாடா கனத்தில் ஒரு மஞ்சள் கேபிள் தொங்குகிறது. அதன் முனையில் பச்சை விளக்கு ஓயாமல் துடிக்கிறது. வெறும் கைகுலுக்கலை நம்பி இழுத்த கேபிள், காகிதம் எதுவும் கிடையாது. இந்த வருடம் அவர் படியேறி இறங்கிச் சேர்த்த எண்ணூறு வீடுகளும் பொழுதெல்லாம் படம் பார்த்தே தராசைச் சாய்த்துவிட்டன. கேபிள் போனால் எல்லாம் சுற்றுவழியில்தான் வரவேண்டும். படம் நின்று நின்று ஓடும். அலுத்துப்போய் அத்தனை வீடுகளும் இவள் கம்பெனிக்கே மாறிவிடும். அது அவளுக்கும் தெரியும். அவள் விரல்கள் கேபிளின் கொக்கியில் இருக்கின்றன, கண்கள் தரையில்.

“ஒரு வாரம் குடும்மா. வேற ஏதாவது வழி பாக்குறேன். இப்போதைக்குக் கையை மட்டும் எடு.”