தொழுவத்துக்கான சீட்டு

குருமடத்தில் நடந்த லத்தீன் அகராதி வேலையில், தொழுவத்தைக் குறிக்கும் ‘ஸ்டாபுலும்’ என்ற சொல் பெர்னாந்து சாமிக்குப் போனதிலிருந்து இன்னாசி சாமிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இவர் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரோ மாட்டைக் கண்டால் தள்ளி நடக்கிற பட்டணத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெர்னாந்து நாற்காலியிலேயே கண்ணயர்ந்த நேரம், குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையில் இன்னாசி அந்தச் சொல்லுக்கு அவர் எழுதியிருந்த சீட்டை எடுத்தார். மாட்டுத் தொழுவம், வழிப்போக்கர் விடுதி, தாசி வீடு, தேன்கூடு. எல்லாம் சரியாக இருந்ததுதான் எரிச்சல். கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘தொழுவத்தில் பிறந்தவன், கேட்டவர்களிடமெல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்ததாகச் சொன்னான்.’

இன்னாசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்தார். தன் பிறப்பைப் பற்றிய அந்த உண்மையை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறார். போன தவக்காலத்தில், கேட்டதை வெளியே சொல்லக்கூடாத பாவசங்கீர்த்தனத்தில், முழங்காலிட்டு, பெர்னாந்து சாமியிடம்.

“என்ன சாமி, ஏதும் திருத்தணுமா?” கண் திறக்காமலே கேட்டார் பெர்னாந்து.

“வாக்கியம் நல்லா வந்திருக்கு சாமி.”

மனசறிய அது உண்மை. இருபது வருஷம் எழுதியும் இன்னாசிக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. அவர் ரப்பரை எடுத்து, சீட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த பெர்னாந்தின் பெயரைச் சத்தமில்லாமல் அழித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.