கண் பார்க்க வந்த தையல்காரன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கண் பார்க்கும் பெண்ணிடம் மறுபடியும் வந்திருக்கும் தையல்காரன், பலகையிலிருக்கும் பெரிய எழுத்தைக்கூடத் தப்பாக வாசிக்கிறான். "ஊசியில நூல் கோக்குற கண்ணுக்கு இது தெரியலையாக்கும்" என்கிறாள் அவள். "விதிங்க. அதுதான் என்னை இங்க இழுத்துட்டு வருது" என்கிறான். "இழுத்துட்டு வந்த வேலை முடிஞ்சுதுல்ல, விதியைக் கிளம்பச் சொல்லுங்க. நீங்களா ஏதாவது கேக்கணும்னா கேளுங்க." அவன் சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறான். "என்னைக் கட்டிக்குவீங்களா?" அவள் விரலிடையே லென்ஸ் திரும்ப, அதன் வெளிச்சப் பொட்டு சுவரில் துள்ளுகிறது. வாயே திறக்காமல், உதட்டை மடித்துக்கொண்டு, லேசாகச் சரியென்று தலையசைக்கிறாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிர்ச்சுவரே தெரியாது. என் கண்ணாடியோ காலையிலிருந்து அவள் மேசையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.