தைத்த புத்தகம்

மறுபடியும் முதல் பக்கம்.

அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தாரகை கடைசித் தாளைப் புரட்டினாள். அதற்குப் பிறகு அட்டைதான். புத்தகத்தை மூடினாள். திருப்பிப் போட்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். நோட்டில் தேதி எழுதினாள்.

நான்கு மாதத்தில் இது நான்காவது சுற்று.

"அதான் முடிச்சாச்சுல்ல?"

மகள் நிமிரவில்லை.

அவள் அம்மா செய்த புத்தகம் அது. கோகிலா பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். சமச்சீர்ப் புத்தகத்திலிருந்து தமிழ். சி.பி.எஸ்.இ. புத்தகத்திலிருந்து கணக்கு. பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து படங்கள். எதிலும் சரியாக இல்லாததற்கு நாளிதழ். ஸ்கேலை அழுத்தி வைத்துத் தாள்களைக் கிழிப்பாள். ஓரத்தில் எட்டுத் துளை போட்டு, கனத்த வெள்ளை நூலால் தைத்துவிடுவாள்.

மழை என்றால் முதலில் மேகத்தின் படம். அடுத்து, வால்பாறையில் எத்தனை சென்டிமீட்டர் என்ற பேப்பர் துண்டு. அடுத்து ஒரு வெற்றுத்தாள். அது மொட்டைமாடியில் வாளி வைத்து அளந்து எழுத.

"கதம்ப சாதம்" என்பான் அவன். இன்ஜினியரிங் படித்தவன். பாடத்திட்டம் என்றால் ஆரம்பமும் முடிவும் வேண்டும் என்பான். இரண்டு வருடம் இதே சண்டை.

கோகிலா சிரிப்பாள். "உங்களுக்குப் பசிக்கலீங்க. அவளுக்குப் பசிக்குது."

பிப்ரவரியில் காய்ச்சல். பதினோரு நாளில் போய்விட்டாள்.

எதையும் எழுதி வைக்கவில்லை. அடுத்து என்ன, எதிலிருந்து எது, ஒரு வரிகூட இல்லை.

இதை நினைக்கும்போது மட்டும் அவனுக்குள் ஏதோ அசைந்தது. மற்ற நேரங்களில் ஒன்றுமே இல்லை. அசைந்தது துக்கமில்லை. கோபம்.

காலையில் மச்சான் போனில் கூப்பிட்டிருந்தார். கோகிலாவின் அண்ணன்.

"மாப்ள, புள்ள நின்ன எடத்துலயே நிக்குது. திங்கக்கெழம ஸ்கூல்ல சேத்துப்போடுங்க. முடியலீன்னா எங்கூட அனுப்பிருங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நிக்கலீங்க மச்சான். நல்லாப் படிக்கிறா."

சொல்லும்போதே பொய்.

இப்போது அவன் கையில் புதுப் பாடநூல் இருந்தது. நான்காம் வகுப்பு. முழுப் புத்தகம். கிழிபடாதது. அவள் முன்னால் வைத்தான்.

"இனிமே இதுதான்."

தாரகை அதை மரியாதையாக ஓரம் நகர்த்தினாள். நோட்டில் 'மேகம்' என்று எழுதினாள்.

மேசை டிராயரில் பிளேடு கிடந்தது.

புத்தகத்தை அவள் கைக்கடியிலிருந்து இழுத்தான். பென்சில் நோட்டின் குறுக்கே கோடு கிழித்தது. பிளேடைத் தையலில் வைத்தான். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. ஏழு தையலையும் அறுத்தான்.

தாள்கள் சரிந்து தரையில் பரவின. மேகம், பெருக்கல், கரடி, வால்பாறை.

"இப்ப எப்படி மொதல்ல இருந்து படிப்பே? சொல்லு! எப்படிப் படிப்பே?"

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

அவள் அழட்டும் என்று காத்திருந்தான். இந்த வீட்டில் யாராவது அழுதால் தேவலை.

தாரகை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தாள்களைச் சேர்த்தாள். பழைய வரிசையில் அடுக்கவில்லை. சீட்டுப் போடுவதைப் போல ஒவ்வொன்றாகப் பரப்பினாள். மேகத்துக்குப் பக்கத்தில் கரடி. வால்பாறைக்குப் பக்கத்தில் பெருக்கல். கொஞ்சம் யோசித்துக் கரடியை வால்பாறைக்கு மாற்றினாள். நடுநடுவே இடம் விட்டாள்.

"என்ன பண்றே?"

"அடுத்த புக்கு."

அவன் குனிந்து பார்த்தான்.

"ஒரு புக்கு படிச்சு முடிஞ்சா அவுத்து வேற மாதிரி அடுக்கணும். நடுவுல புதுசு வெக்கணும். அம்மா எப்பவும் அப்படித்தான் பண்ணுவாங்க." ஒரு தாளை ஊதித் தூசி போக்கினாள். "பெரியவங்கதான் அவுக்கணும். நீங்க அவுப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க கோவமா இருந்தீங்க."

மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது.

"இந்தக் காலி எடமெல்லாம்?"

"அது நீங்க தேடி வெக்கணும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் கையில் இன்னும் பிளேடு இருப்பது தெரிந்தது. மேசைக்கு அடியில் தள்ளினான்.

தாரகை நூல் துண்டுகளைப் பொறுக்கினாள். எட்டுத் துண்டு. எதுவும் அவள் விரல் நீளம்கூட இல்லை. அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"அவுக்கணும்ப்பா. அறுக்கக் கூடாது! மொத புக்குல இருந்து இதே நூலுதான்."

அவன் உள்ளங்கையை இழுத்து அதில் துண்டுகளைக் கொட்டினாள்.

கீழே மளிகைக் கடையில் நூல்கண்டு கிடைக்கும். அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு துண்டின் நுனியை இன்னொன்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். பிறகு இன்னொன்று. ஏழு முடிச்சு.

முதல் துளையில் கோத்தான். முடிச்சு வந்து துளையில் நின்றது.

இழுத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"கிழியுதுப்பா."

நிறுத்தினான். தாளின் மறுபக்கத்தில் அவள் விரல்கள் துளையைச் சுற்றி அணை கொடுத்திருந்தன.

முடிச்சு பாதி உள்ளே போயிருந்தது.