மேல்தளத்தில் அடுத்த பாட்டு

கொசுமெல் துறைமுகம் உல்லாசக் கப்பலுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போகிறது. மேல்தளத்தில் சாயங்கால வெயில் செம்பாய்ச் சாய்ந்திருக்க, ஸ்டீல் டிரம் வாத்தியம் அதிர்கிறது. அயோவாவின் சோளக்காட்டை விட்டு முதல்முறையாகக் கப்பலேறிய வெண்டெல், உரித்த இறாலைத் தின்னாமல் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி ஆர்லீன், பக்கத்து மேசைக்காரன் கிளிஃபர்டோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். கிளிஃபர்ட் அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே வெண்டெலுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து, மூச்சு வாங்க அவள் திரும்பி வருகிறாள். "ரொம்பத்தான் குதிச்சிட்டே, உக்காரு," என்கிறான். "கல்யாணம் ஆனதுலேர்ந்து உக்காந்துதானே இருக்கேன், வெண்டெல்." அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்கிறான்: "அப்படி என்ன சொன்னான் காதுல?" "உங்க வீட்டுக்காரர் என்னைக் கண்ணாலயே சுட்டுடுவார் போலன்னான்." "அதுக்கா அந்தச் சிரிப்பு?" "பின்னே? எனக்காக நீ பொறாமைப்பட்டு நான் எப்போ பாத்தேன்?" அடுத்த பாட்டு தொடங்குகிறது. தூரத்திலிருந்து கிளிஃபர்ட் கையை நீட்டுகிறான். வெண்டெல் அவள் மணிக்கட்டைப் பற்றுகிறான். அதில் அந்த ஆளின் சென்ட் மணக்கிறது. விடாமல் எழுந்து நிற்கிறான். "காலை எங்க வைக்கணும்னு சொல்லு."