செவலை போட்ட கூப்பாடு

ஆடு திருடித் தின்று திரிந்த செவலை நாயை மன்னித்து, மேய்ப்பன் தன் பட்டிக்கே காவல் வைத்திருந்தான். ஒரு மத்தியானம் நாயின் பழைய கூட்டாளி நரி வேலியோரம் வந்தது.

"அந்தக் குட்டி தனியா நிக்குது. கவ்விக்கிட்டு வா, ஆளுக்குப் பாதி. அந்த ருசியை நீ மறந்திருக்க மாட்டியே!"

மறக்கவில்லைதான். செவலைக்கு எச்சில் ஊறியது. கால்கள் தாமாகவே குட்டியை நோக்கி நகர்ந்தன. இன்னும் ஓரடி வைத்தால் தன்னால் நிற்க முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, ஓடி வாங்க! என்னைப் பிடிச்சுக்குங்க!" என்று தொண்டை கிழியக் குரைத்தது.

மேய்ப்பன் தடியோடு ஓடி வந்தான். நரி ஓட்டம் பிடித்தது. அவன் கை கழுத்தில் பட்டதும் செவலை அவன் காலடியில் உட்கார்ந்தது.

"நாளைக்கும் வருவேன்டா!" என்று தூரத்திலிருந்து நரி கத்தியது.

"வாயேன்!" என்றது செவலை, வாலை நிமிர்த்தி. "நாளைக்கும் இவரைக் கூப்பிடுவேன்!"